கண்டுபிடித்த பிறகும் ஒரு மணி நேரம் இருக்கிறது

பெற்ற தாயைத் தேடிப் போகும் மகள், முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, அப்பாவின் பெட்டியிலிருந்து வெளிவரும் இன்னொரு குடும்பத்தின் புகைப்படம். இந்த வகைக் கதைக்குத் திரைக்கதை எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே அச்சில் வார்க்கிறார்கள். 115 பக்கம் தேடல், கடைசி 5 பக்கம் கட்டிப்பிடித்து அழுகை. அந்த 5 பக்கத்தை நம்பித்தான் மற்ற 115 பக்கமும் நகர்கிறது. படம் தொய்வதற்கு முதல் காரணம் இந்த அச்சுதான்.

"அம்மா கிடைப்பாளா?" என்ற கேள்விக்கு இரண்டே பதில்தான் உண்டு. போஸ்டரைப் பார்த்த அன்றே ஒன்றை ஊகித்துவிடலாம். "கிடைத்த பிறகு இவள் அந்த வீட்டுக்கு யார்?" என்று கேட்டுப் பாருங்கள். வளர்த்த அம்மா ஒரு பதில் சொல்வாள், பெற்றவளின் கணவர் இன்னொன்று சொல்வார், அவர்கள் பிள்ளைகளிடம் வேறொன்று இருக்கும், இத்தனை நாள் மறைத்து வைத்த மாமா வாயே திறக்க மாட்டார். படம் அங்கேதான் இருக்கிறது. அதனால், ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கில், 120 பக்கத் திரைக்கதையில் முதல் சந்திப்பை 55க்கும் 65க்கும் நடுவில் எங்காவது வைத்துவிடுங்கள். இடைவேளை உள்ள படம் என்றால், சந்திப்பு முடிந்து இரண்டு பேரும் அவரவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் இடத்தில் இடைவேளை விடலாம். உள்ளே போய் என்ன சொல்லப்போகிறார்கள் என்ற பதைப்பு இருக்கிறதே, அதைவிட நல்ல கொக்கி கிடைக்காது.

முதல் காட்சியை எழுதுவதற்கு முன்பு ஒரு தாளில் வயதுக் கணக்கு போட்டாக வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்கள் படப்பிடிப்பு நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு, கதை நடப்பது 2024. மகள் பிறந்தது 1992 மார்ச், இப்போது 32. பெற்றபோது அம்மாவுக்கு 19, எனவே இப்போது 51. அம்மாவின் அண்ணனுக்கு அன்று 24, இன்று 56. அம்மாவுக்குக் கல்யாணம் 1997இல், மகன் பிறந்தது 1999இல், அவனுக்கு 25. வளர்த்த அம்மா குழந்தையைக் கையில் வாங்கும்போது 34, இப்போது 66.

இந்தக் கணக்கைப் போட்ட உடனேயே ஒரு காட்சி தானாகக் கிடைக்கிறது. வளர்த்தவளுக்கு 66, பெற்றவளுக்கு 51. பதினைந்து வயது இளையவள், தலை நரைக்காதவள், வேலைக்குப் போய்வருகிறவள். பெற்றவள் என்றாலே நரைத்த தலையும் நடுங்கும் கையுமாக ஒருவரை நடிக்க வைப்பது பழக்கமாகிவிட்டது. 51 வயதுப் பெண்ணை 51 வயதாகவே காட்டுங்கள். வளர்த்த அம்மா அவளை முதல் தடவை பார்க்கும்போது அடிவயிற்றில் ஒன்று புரளும். வசனமே தேவையில்லை.

இரண்டாவது தாள் இதைவிட முக்கியம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆட்களின் பெயர். மேலே குறுக்காக ரகசியங்கள்: குழந்தை பிறந்தது, அதன் அப்பா யார், கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது யார், பிறகு வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பியது யார். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த ஆளுக்கு அந்த ரகசியம் தெரியவரும் காட்சி எண்ணை எழுதுங்கள். கதை தொடங்கும் முன்பே தெரியும் என்றால் பூஜ்ஜியம். கடைசிவரை தெரியவே போவதில்லை என்றால் கோடு. எழுதி முடித்து ஒவ்வொரு நெடுவரிசையையும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். ஒரு ரகசியத்துக்கு நேராக எல்லோருக்கும் ஒரே எண் விழுந்திருந்தால், எல்லோரையும் ஒரு கூடத்தில் நிறுத்தி ஒருவர் அழுதுகொண்டே சொல்லும் காட்சி ஒன்றை எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை உடையுங்கள். மகனுக்கு 48, கணவருக்கு 71, பாட்டிக்குப் பூஜ்ஜியம் என்று பிரித்தால், 48க்கும் 71க்கும் நடுவில் மகன் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடும் சாதாரணக் காட்சிகூடக் கனத்துவிடும். கோடு விழுந்த கட்டம் ஒன்றாவது இருப்பது நல்லது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துபோகும் குடும்பம் உலகத்தில் கிடையாது.

குடும்பம் உடைந்த காரணத்தை எழுதும்போது ஒரு வில்லனைத் தேடாதீர்கள். 19 வயதுப் பெண்ணின் முடிவு பெரும்பாலும் அவள் ஒருத்தியின் முடிவாக இருக்காது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், பேனாவை யார் நீட்டினார்கள், படிக்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்ற மூன்றுக்கும் பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படத்தில் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, நடிப்பவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தேடலுக்கு வருவோம். சறுக்குவது அதிகம் இங்கேதான், அதுவும் அறிவியலில்.

ரத்த வகையிலிருந்து தொடங்கலாம். பெற்றோரில் ஒருவர் ஏபி என்றால் பிள்ளை ஓ ஆக இருக்காது. ஒருவர் ஓ என்றால் பிள்ளை ஏபி ஆக இருக்காது. மிக அரிதான விதிவிலக்குகள் தவிர இது நிற்கும். அதே சமயம் ஏ வகைப் பெற்றோர் இருவருக்கு ஓ வகைப் பிள்ளை பிறப்பது சர்வ சாதாரணம். அதை வைத்து "நீ எங்களுக்குப் பிறக்கவில்லை" என்று வசனம் எழுதிவிட்டால் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் படம் அங்கேயே முடிந்துவிடும். ரத்த வகையால் இல்லை என்று சொல்ல முடியும், ஆமாம் என்று சொல்ல முடியாது. அடுத்து, விபத்தில் அடிபட்டவருக்கு "சொந்த ரத்தம்தான் வேண்டும்" என்று மருத்துவர் கேட்கும் காட்சி. நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றினால், அதிலுள்ள வெள்ளை அணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிட, அவை அந்த உடலையே தாக்கும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் அப்படிப்பட்ட ரத்தத்தைக் கதிர்வீச்சு செலுத்திய பிறகே ஏற்றுகிறார்கள். கண்ணியமான மருத்துவர் ஒருவர் "உறவுக்காரர் வேண்டாம்" என்று சொல்வதாக எழுதுங்கள். சொல்லாமல் மறைத்த உறவு அந்த ஒரு வரியில் எப்படித் துடிக்கிறது பாருங்கள்.

டிஎன்ஏ சோதனையில் நடக்கும் தவறுகள் வேறு மாதிரி. சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போய் மறுநாள் முடிவு வாங்குகிறார்கள். வேர் இல்லாத உதிர்ந்த முடி வழக்கமான பெற்றோர் சோதனைக்கு உதவாது. அதிலிருந்து பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான் கிடைக்கும். அது தாய் வழியாக மட்டுமே வருவது. பெரியம்மா, அம்மா, சித்தி மூவருக்கும் ஒன்றாகவே இருக்கும். கதாசிரியருக்கு இது ஒரு வரம். சோதனை "ஆமாம், இந்தத் தாய்வழி" என்று சொல்லும், ஆனால் அம்மாவா சித்தியா என்று சொல்லாது. பெற்றோர் சோதனைத் தாளிலும் 100 சதவீதம் என்று அச்சடிக்காதீர்கள். பொருந்தினால் 99.99 என்பது போலத்தான் போடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் டிஎன்ஏ இடங்களில் ஒரே ஒன்று மட்டும் பொருந்தாமல் போனாலும் "அப்பா இல்லை" என்று உடனே எழுத மாட்டார்கள், மரபணு மாற்றமாக இருக்கலாம் என்று கூடுதல் இடங்களைப் பார்ப்பார்கள்.

எச்சில் அனுப்பி உறவினரைத் தேடும் சேவைகள் வேறு விதத்தில் வேலை செய்கின்றன. இருவருக்கும் பொதுவாக உள்ள டிஎன்ஏவின் அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் காட்டும். பெற்றோரும் பிள்ளையும் என்றால் சுமார் 3,400க்கு மேல், அதாவது பாதி. ஒரே பெற்றோர் மட்டும் பொதுவான சகோதர சகோதரி, அத்தை, மாமா, தாத்தா பாட்டி எல்லோரும் சுமார் 1,750 என்ற ஒரே வட்டத்தில் வருவார்கள், அதாவது கால் பங்கு. ஒன்றுவிட்ட சகோதரம் என்றால் சராசரியாக 870 அளவில், எட்டில் ஒரு பங்கு. திரையில் 1,760 என்று வந்தால் எதிரே இருப்பவர் தம்பியா, மாமாவா, தாத்தாவா என்று எண் சொல்லாது. வயதைக் கேட்டால்தான் தெரியும். "உங்களுக்கு என்ன வயசு?" என்று மகள் அனுப்பும் ஒற்றை வரிச் செய்தி, பதில் வரும் வரை அவள் பார்த்துக்கொண்டிருக்கும் திரை. நம் கதையில் 56 என்று வந்தால் மாமா, 25 என்று வந்தால் தம்பி. ஒரு முழுக் காட்சி அந்த இரண்டு இலக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று: இந்தச் சேவைகளில், எச்சில் கொடுத்தவர்கள் மட்டுமே தெரிவார்கள். தன் ரகசியம் வெளியே வரக்கூடாது என்று நினைக்கும் அம்மா கொடுத்திருக்க மாட்டாள். விளையாட்டாகக் கொடுத்த ஒன்றுவிட்ட தங்கை ஒருத்திதான் முதலில் சிக்குவாள். அவளுக்கு எதுவும் தெரியாது. "எங்க குடும்பத்தோட மேட்ச் ஆகுதாம், யாருன்னே தெரியல" என்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் அவள் சொல்லும்போது, ஒருத்தி மட்டும் சோற்றைப் பிசைவதை நிறுத்துகிறாள். அனுப்பிய நாளிலிருந்து முடிவு வர வாரக்கணக்காகும் என்பதும் உங்களுக்குச் சாதகம்தான். அந்த இடைவெளியில் மகள் வேலைக்குப் போக வேண்டும், வளர்த்த அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும், எதுவும் நடக்காதது போல இருக்க வேண்டும்.

ஆவணங்கள் நாட்டுக்கு நாடு மாறும். கதை எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று முடிவு செய்யாமல் அலுவலகக் காட்சி எழுத வேண்டாம். தத்தெடுத்த பிறகு வளர்ப்புப் பெற்றோர் பெயரில் புதுப் பிறப்புச் சான்றிதழ் தந்துவிட்டுப் பழையதை முத்திரையிட்டு வைக்கும் முறை பல இடங்களில் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1975ஆம் ஆண்டுச் சட்டம்தான், தத்துப் போனவர்கள் 18 வயதில் தங்கள் அசல் பிறப்புப் பதிவைப் பெற வழி திறந்தது. அதற்கு முன்பு தத்துப் போனவர்கள் முதலில் ஆலோசகர் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படத்தில் (1996), பெற்ற தாயைத் தேடும் தத்து மகள் சமூகப் பணியாளர் எதிரில் உட்கார்ந்து கோப்பைத் திறக்கும் காட்சி இந்த மண்ணிலிருந்து முளைத்ததுதான். நாடு விட்டு நாடு போன குழந்தை என்றால் நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின் 30ஆவது பிரிவைப் படியுங்கள். குழந்தையின் பூர்வீகத் தகவலைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதைக் காட்டுவது அந்தந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான். பாதுகாப்பது கட்டாயம், காட்டுவது நிபந்தனைக்கு உட்பட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் கோப்பு இருக்கிறது, இந்தப் பக்கம் மகள் இருக்கிறாள். அதிகாரியைக் கெட்டவராக்காமலே அந்தக் காட்சி நிற்கும்.

சின்ன வயது நினைவை நம்பித் தேடும் கதை என்றால், மூன்று வயதுக்கு முந்தைய ஃப்ளாஷ்பேக் வேண்டவே வேண்டாம். அந்த வயது நினைவு பெரும்பாலோருக்கு மிஞ்சுவதில்லை. ஐந்து வயது என்றால் மிஞ்சும், ஆனால் கோணலாக மிஞ்சும். இந்தியாவில் தொலைந்து ஆஸ்திரேலியாவில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் சாரூ பிரயர்லி. 'லயன்' படத்துக்கு (2016) மூலமான அவர் வாழ்க்கையில் இதற்குப் பொன்னான சான்று இருக்கிறது. கண்ட்வா ஊரின் கணேஷ் தலாய் என்ற பகுதி, தொலைந்துபோன ஐந்து வயதுக் குழந்தையின் வாயில் 'ஜினெஸ்ட்லே' ஆகிவிட்டது. அவர் பெயரே ஷேரு. தன் பெயரையே சாரூ என்று தவறாகச் சொல்லிக்கொண்டு வளர்ந்திருக்கிறார். துப்பு எழுதும்போது இப்படி எழுதுங்கள்: முதலில் குழந்தை காதில் விழுந்த பிசகான ஒலி, படம் போகப்போகத்தான் சரியான சொல். பார்வையாளர் தானே உதட்டை அசைத்துப் பொருத்திப் பார்ப்பார். கேமரா உயரமும் முக்கியம். ஐந்து வயதுக் குழந்தையின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் இருக்கும். ஃப்ளாஷ்பேக் முழுக்க அந்த உயரத்திலேயே எடுத்தால், பெரியவர்களின் முகம் தெரியாமல் கை, இடுப்பு, பை, வளையல் மட்டும் தெரியும். பிறகு நிகழ்காலத்தில் அதே கையைக் காட்டினால் போதும்.

முதல் தொடர்பு கடிதமாக இருக்கட்டும், தொலைபேசியாக இருக்கட்டும், விஷயத்தை உடைத்துச் சொல்லக் கூடாது. வீட்டில் வேறு யார் பிரிப்பார்களோ தெரியாது என்பதால், பிரிந்த உறவுகளுக்கு நடுவில் தொடர்பு ஏற்படுத்தித் தரும் இடையீட்டாளர்கள் சொல்லும் வழியும் அதுதான். "1992 மார்ச் 14ஆம் தேதி தொடர்பாக உங்களிடம் பேச விரும்புகிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தில் இந்த எண்ணுக்கு அழைக்கலாம்." அவ்வளவுதான் கடிதம். கணவர் படித்தால் ஏதோ அலுவலகக் கடிதம். அவள் படித்தால் அந்தத் தேதி ஒன்று போதும். 32 வருடமாக ஒவ்வொரு மார்ச் 14லும் அவள் என்ன செய்தாள் என்பதைப் படத்தின் முதல் பத்து நிமிடத்தில், காரணம் சொல்லாமல், ஒரு தடவை காட்டி வைத்திருந்தால் இந்தக் கடிதம் இடி மாதிரி இறங்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் உண்டு, அதிலேயே ஒரு செல்வமும் உண்டு. நம் பேச்சில் எல்லோரும் எல்லோரையும் அம்மா என்கிறோம். முன்பின் தெரியாதவரிடம் "அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்போம். பெரியவர்கள் சின்னப் பெண்ணிடம் "சொல்லும்மா" என்பார்கள். அதனால் சந்திப்புக் காட்சியில் "அம்மா!" என்று கத்த வைத்தால் அந்தச் சொல் காற்றில் போய்விடும். மாறாக, யாரென்று தெரியாமலே மகள் அவளை மரியாதைக்கு "அம்மா" என்று கூப்பிட்டுவிட்ட இடம் முன்பு ஒன்று இருக்கட்டும். தெரிந்த பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வரவே கூடாது. மூன்று நான்கு காட்சிக்கு எந்த விளியும் இல்லாமல், "இங்க வாங்க", "காபி சாப்பிடறீங்களா" என்று வெறும் வினைச்சொல்லிலேயே பேச்சு ஓடட்டும். 'நீங்க' எந்தக் காட்சியில் 'நீ' ஆகிறது என்பதைத் திரைக்கதையிலேயே குறித்துவையுங்கள், நடிப்பவர் வாய்தவறி முன்கூட்டியே சொல்லிவிடாதபடி. இன்னும் கூர்மையான இடம் 'எங்கம்மா'. மகள் தொலைபேசியில் யாரிடமோ "எங்கம்மாவுக்கும் இதே மாதிரி சுருட்டை முடி" என்கிறாள். அடுத்த அறையில் இருக்கும் வளர்த்த அம்மாவுக்குச் சுருளே இல்லாத நேரான முடி.

சந்திப்பை எப்படி எடுப்பது? மைக் லீயின் படத்தில் காபிக்கடைக் காட்சி ஏறக்குறைய 8 நிமிடம், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். தாயும் மகளும் எதிரெதிரே இல்லை, மேசையின் ஒரே பக்கத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு முகமும் நமக்கு நேராக. ஒருத்தி பேசும்போது மற்றவள் முகத்தில் நடப்பதை நாமே தேர்ந்தெடுத்துப் பார்க்கிறோம். எதிரெதிரே உட்கார வைத்து சஜஷன் ஷாட் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டுவது), க்ளோசப் என்று மாற்றி மாற்றி வெட்டினால் அந்தத் தேர்வை எடிட்டர் செய்துவிடுவார். தாய் வேடத்தில் நடித்த பிரெண்டா பிளெத்தினுக்கு, மகளாக வரப்போகிறவர் கறுப்பினப் பெண் என்பதையே ஒத்திகையில் நேரில் பார்க்கும்வரை சொல்லாமல் வைத்திருந்தார்கள். இதே வழியைப் பின்பற்ற நினைத்தால், இருவரையும் கதை வாசிப்பு, உடை அளவு, விளம்பரப் படப்பிடிப்பு என எல்லாவற்றிலும் தனித்தனி நாளில் வரவழைக்க வேண்டும். முதல் டேக் மட்டுமே உண்மையாக இருக்கும் என்பதால் இரண்டு கேமரா வைத்துவிடுங்கள். பின்னணி இசை அந்தக் காட்சிக்கு வேண்டாம்.

சந்திப்புக்குப் பிந்தைய பகுதியில் ஒரு வழக்கமான ஏற்ற இறக்கம் உண்டு. முதல் சில வாரங்கள் தினமும் பேச்சு, இரண்டு மணி நேர அழைப்பு, பிறகு திடீரென்று ஒரு பக்கம் பின்வாங்கும். காரணம் வெறுப்பாக இருக்காது. குற்றவுணர்வாக இருக்கும், அல்லது வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்ற பயமாக இருக்கும். இதை வசனத்தில் விளக்காமல் அழைப்புகளின் நேரத்தில் காட்டலாம்: இரவு 9, இரவு 9, இரவு 9.40, அப்புறம் பகல் 11 மணிக்கு அவசர அவசரமாக ஒரு நிமிடம். மகனின் மனத்தாங்கலையும் விட்டுவிடாதீர்கள். 25 வருடம் மூத்த பிள்ளையாக இருந்தவன் ஒரே மாலையில் இரண்டாவதாகிவிட்டான். அவன் கோபத்தை எழுதும்போது அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பி எழுதுங்கள். வளர்த்த பெற்றோர் எப்போது சொன்னார்கள் என்பதும் படத்தின் நிறத்தையே மாற்றும். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில், மகள் தத்துப் பிள்ளை என்பதை அவளுடைய ஒன்பதாவது பிறந்த நாளில் பெற்றோரே சொல்லிவிடுகிறார்கள். ரகசியம் தானாக வெடிக்கவில்லை, அவர்கள் திறந்தார்கள். அதனால் அந்தக் குழந்தையின் கோபத்துக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

தயாரிப்பு வேலையில் இரண்டு விஷயம். சாயலுக்காக முகம் தேடி அலைய வேண்டாம். காது, விரல், உட்காரும் விதம், சிரிக்கும்போது வாயை மூடும் பழக்கம், இதில் ஒன்றை இரண்டு நடிகைகளும் சேர்ந்து பயிற்சி செய்தால் போதும். அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும். மற்றது புகைப்படமும் கடிதமும். பழைய படங்களை முதல் நாள் படப்பிடிப்புக்கு முன்பே எடுத்து, அந்தக் காலத்துத் தாளில் அச்சிட்டு, பின்பக்கக் கையெழுத்தை அந்த வேடக்காரரே எழுத வேண்டும். மடிக்கும் கடிதம் என்றால் ஒரே மாதிரி 5 பிரதி, கிழிக்கும் கடிதம் என்றால் 10. மடிப்பு எத்தனையாவது காட்சியில் எவ்வளவு நைந்திருக்கிறது என்று உதவி இயக்குநர் ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டு வைக்க வேண்டும். நைந்த கடிதம் புதிதாகத் திரும்பி வரும் கன்டின்யூட்டி பிழையை இந்தப் படங்களில் யாரும் மன்னிப்பதில்லை, ஏனென்றால் எல்லோருடைய கண்ணும் அந்தத் தாளின் மேல்தான் இருக்கிறது.

கைபேசித் திரை வரும் ஷாட்டுக்குக் குறைந்தது 2 நொடி கொடுங்கள், படிக்க அவ்வளவு வேண்டும். பெற்றவளின் எண்ணை மகள் என்ன பெயரில் சேமித்திருக்கிறாள் என்பதை முன்பே முடிவு செய்து ஆர்ட் டிபார்ட்மென்ட்டிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதல் அழைப்பில் வெறும் எண். நடுவில் அவளுடைய பெயர். கடைசியில் என்ன என்று எழுதும்போது, 'அம்மா' என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் எண் அந்தக் கைபேசியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.